தொட்டி நிழல்

என் தொழிலில் நிழல் என்றால் நஷ்டம். சித்திரை வெயிலில் ஊரே நிழல் தேடி ஒதுங்கும்போது, நிழல் விழாத இடம் எங்கே என்று மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி இறங்குகிறவன் நான். அரசுக் கட்டடங்களுக்குச் சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்கு மேலே இருக்கிறது எங்கள் சின்ன அலுவலகம். கீழே லேத் ஓடினால் மேலே என் மேசை நடுங்கும். அந்த நடுக்கத்திலேயே ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் தாலுகா அலுவலகங்களுக்கும் வரைபடம் போட்டிருக்கிறேன்.

அரசுக் கட்டடங்களின் தலையை என்னைப் போலப் பார்த்தவர்கள் குறைவு. கீழே எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் மேலே ஒரு கால் உடைந்த நாற்காலி கட்டாயம் கிடக்கும். துருப்பிடித்த பீரோ, இறக்கை இல்லாத மின்விசிறி, போன தேர்தலின் தட்டிகள், யாரோ காயப்போட்டு மறந்த ஒற்றை வேட்டி. இதையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு டேப் பிடித்து அளப்பேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலையில் எங்கே விழும், சாயங்காலம் எங்கே விழும், பக்கத்து அடுக்குமாடியின் நிழல் மார்கழியில் எவ்வளவு தூரம் நீளும் என்று குறித்துக்கொள்வேன். நிழல் போக மிச்சமிருப்பதை வரைபடத்தில் 'காலி இடம்' என்று எழுதுவேன். அந்தக் காலி இடத்தில்தான் பேனல் வரும். அப்படி எழுதும்போதெல்லாம் அங்கே யாராவது உட்காருவார்களா என்று எனக்குத் தோன்றியதே இல்லை, அந்த நூலகம் என் கைக்கு வரும்வரை.

என் மனைவி அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டுக்காரி. அவள் வீட்டார் ஒரு காலத்தில் அந்தப் பக்கத்துக் கழனிகளில் கூலி வேலை செய்தவர்கள். அவளுடைய அப்பா தொழிற்பேட்டையில் மெஷின் ஓட்டினார். நான் தென்காசிப் பக்கத்துக்காரன். 'சொல்லுதேன்', 'வாரேன்' என்று நான் பேசினால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் 'இன்னா', 'கீது' என்றால் நான் சிரிக்கக் கூடாது. அது வீட்டுச் சட்டம். அவள் பி.காம். முடித்தவள். அவர்கள் குடும்பத்தில் அரசாங்க நாற்காலியில் அதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. கல்யாணமான புதிதில் அவள் என்னிடம் நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. "நான் எக்ஸாம் எழுதிகினே இருப்பேன். நடுவுல நீ நிறுத்தச் சொல்லக் கூடாது" என்றாள். சரி என்றேன்.

எழுதிக்கொண்டேதான் இருந்தாள். ஒவ்வொரு முறையும் ஏதோ கொஞ்சத்தில் தவறிவிடும். வீட்டில் படிக்க உட்கார்ந்தால் குக்கர் கூப்பிடும், தண்ணீர் லாரி கூப்பிடும், பக்கத்து வீட்டு சீரியல் சுவரைத் தாண்டி வந்து கூப்பிடும். "ஊட்ல ஒக்காந்தா நான் ஊட்டுக்காரி. லைப்ரரி மாடில ஒக்காந்தாதான் நான் படிக்கறவ" என்பாள். வீட்டு வேலையை முடித்து, எனக்கும் டப்பா கட்டிக் கொடுத்துவிட்டு, தன் டப்பாவோடு நூலகத்துக்குக் கிளம்பிவிடுவாள்.

அந்த நூலகத்தின் வாசிப்பு அறை கீழே இருந்தது. அங்கே பேசக் கூடாது. பத்திரிகை படிக்க வருகிற பெரியவர்கள் ஒரு 'உச்' கொட்டினால் போதும், புத்தகம் கையிலிருந்து நழுவிவிடும். இவளுக்கோ வாய்விட்டுச் சொன்னால்தான் மனத்தில் நிற்கும். மாடியில் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஒரு கூட்டமாக இருந்தார்கள். திருநின்றவூரிலிருந்து மின்சார ரயில் பிடித்து வருகிறவர்கள், ஷிப்ட் முடித்துச் சட்டை மாற்றாமல் வருகிறவர்கள், கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வருகிற பெண்கள். ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். அரசியல் சட்டப் பிரிவுகளைத் தாலாட்டு மாதிரி ராகம் போட்டுச் சொல்வார்களாம். மேலே போகலாம் என்று எழுதிய உத்தரவு எதுவும் கிடையாது. நூலகர் அம்மா நல்லவர், கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்.

மாடியில் நிழல் என்று இருந்தது தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒன்றுதான். காலையில் அது மேற்கே விழும். வெயில் ஏற ஏறச் சுருங்கிக்கொண்டே வரும். மத்தியானத்துக்கு மேல் கிழக்கே நகரும். கூட்டமும் பாயைச் சுருட்டிக்கொண்டு தொட்டியைச் சுற்றி நிழலோடு நகரும். உச்சி வேளையில் எல்லோரும் முழங்கால் இடிக்க நெருங்கி உட்காருவார்கள். புதிதாக ஒருவர் படியேறி வந்தால், ஏற்கெனவே இருப்பவர்கள் ஏதும் சொல்லாமல் ஒரு முழம் தள்ளி உட்காருவார்கள். அதுதான் அங்கே சேர்க்கை.

ஒருநாள் அலுவலகத்துக்குப் புதிய கட்டடங்களின் பட்டியல் வந்தது. நடுவில் அந்த நூலகம். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ எங்கள எறக்கி உட்ருவியா?"

"அளந்து பார்த்தாத்தான் தெரியும். தொட்டி நிழல் எப்படி விழுதுன்னு பார்க்கணும்."

"அத இன்னாத்துக்கு அளக்கற? என்னைக் கேளு. காலைல குப்பைத் தொட்டியாண்ட கீது. டீ வர்ற நேரத்துக்குப் பைப்பாண்ட வந்துரும். மத்தியானம் செவுத்தோட ஒட்டிக்கும். கடசில ஏணியாண்ட போனா நாங்களும் ஊட்டுக்குப் போவோம்." பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். "இதான் நான் கடைசியா எழுதப்போற எக்ஸாம். இதுல வர்லன்னா நிறுத்திடுவேன். நானேதான் சொல்றேன். அது வரைக்கும் எனக்கு அந்த மாடி வோணும்."

அவள் எதையும் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் கெஞ்சவில்லை, உத்தரவு மாதிரிதான் சொன்னாள். எனக்கு அது பிடித்திருந்தது.

அளக்கப் போன அன்று அவள் என்னைத் தெரியாதவள் மாதிரி புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் டேப்பை இழுத்துக்கொண்டு அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நான் நெருங்கினால் அவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அரசாங்கத்துக் கட்டடத்தில் டேப்போடு ஒருவன் வந்தால் நல்லதுக்கு வந்திருக்க மாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். நூலகர் அம்மாதான் பின்னாலேயே வந்து, "பாவம் சார், படிக்கிற பசங்க. ஏதாவது பார்த்துச் செய்யுங்க" என்றார்.

பார்த்துச் செய்யத்தான் நினைத்தேன். வழக்கமாக நாங்கள் பேனலை முழங்கால் உயரத்தில் வைப்போம். செலவு குறைவு, காற்றுக்கும் அசையாது. ஆனால் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஸ்டாண்டை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிவிட்டால்? பேனல் மேலே வெயிலைக் குடிக்கும், கீழே பந்தல் போட்டது மாதிரி நாள் முழுக்க நிழல் கிடக்கும். தொட்டியைச் சுற்றி இவர்கள் கிரிவலம் வர வேண்டாம். முழங்கால் இடிக்க வேண்டாம். புதிதாக எத்தனை பேர் வந்தாலும் இடம் இருக்கும். இருபது வருஷமாக நிழலைக் கழித்தே பிழைத்தவன், முதல் தடவையாக நிழலைத் திட்டத்தில் வரவு வைத்தேன். அன்று வீட்டுக்கு நடந்து வந்தபோது எனக்குள் ஒரு பெருமை இருந்ததை மறைக்க மாட்டேன்.

அந்தக் கட்டடங்களுக்குப் பொறுப்பான பொறியாளர் கெட்டவர் இல்லை. கோப்பை முழுசாகப் படிக்கிற அபூர்வ மனிதர். என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லைப்ரரிக்கு எதுக்குங்க பந்தல்? கல்யாணமா பண்ணப் போறீங்க?"

படிக்கிறவர்களைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல விஷயம்தான். ஆனா சோலார் கணக்குல இவ்வளவு இரும்புக்கு இடம் இல்லை. ஒண்ணு செய்யலாம். சோலாரும் காத்தும் சேர்ந்த திட்டம்னு ஒண்ணு இருக்கு. அதுல போட்டா உங்க உசரமான ஸ்டாண்டுக்கு இடம் கிடைக்கும். ஒரு சின்னக் காத்தாடி மட்டும் வைக்கணும். ரோட்டுல போறவனுக்கும் தெரியும், மேலிடத்துக்கும் திருப்தி."

"சார், இங்க அதுக்கு ஏத்த காத்து இல்லை."

"காத்து வராம எங்க சார் போகும்?"

காற்றைப் பற்றி என்னிடம் கேட்கலாம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைப் பழமொழியாக இல்லாமல் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் மலைக் கணவாய் வழியாக வருகிற காற்று நேராக வரும், இறக்கை அதற்குத் தலைவணங்கிச் சுற்றும். இங்கே மேல்காற்று வந்தாலும் அடுக்குமாடிகளில் முட்டி, சுழன்று, குப்பையைக் கிளப்பிவிட்டு, எந்தத் திசை என்று தெரியாமல் அடங்கிவிடும். கடற்காற்று அம்பத்தூருக்கு வந்து சேர்வதற்குள் நடந்து களைத்த ஆள் மாதிரி ஆகிவிடும். அந்த மாடியில் ஒரு காற்றாடி சுற்றினால் அது வேடிக்கைக்குத்தான் சுற்றும். இதை அவரிடம் விளக்கமாகவே சொன்னேன். அவரும் மறுக்கவில்லை.

"சுத்தாட்டிப் போகட்டும். அது அது பாட்டுக்கு நிக்கும். உங்க பசங்களுக்கு நிழல் கிடைக்கும். வேண்டாம்னா சொல்லுங்க, முழங்கால் உசரத்துலயே முடிச்சிடலாம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றுதான் நினைத்தேன். சரி என்றேன். வரும் வழியில் அம்பத்தூர் ரயிலடிப் பக்கம் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவள் ஒரு வாய் கடித்துக்கொண்டே வரைபடத்தைப் பார்த்தாள். பேனலுக்குக் கீழே நான் சின்னச் சின்னதாக ஆட்கள் உட்கார்ந்திருப்பதுபோல் வரைந்திருந்தேன். கோப்பில் அதெல்லாம் வராது, அவளுக்காக வரைந்தது.

"இதுல நான் எங்க?"

ஒரு பொம்மையைக் காட்டினேன்.

"குண்டா போட்டுகீற." சிரித்தாள். பிறகு மூலையில் விரலை வைத்தாள். "இந்தக் காத்தாடி எதுக்கு?"

"அது சும்மா. அதை வச்சாத்தான் இது கிடைக்கும்."

"சும்மா எதுனா குடுப்பானா கவர்மெண்டு?" என்றாள். அதோடு மறந்துவிட்டோம்.

வேலை நடந்த மாதங்களில் மாடிக்கு யாரையும் விடவில்லை. கூட்டம் கலைந்து, ரயில் நிலைய பெஞ்சிலும் கோயில் மண்டபத்திலும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து படித்தது. "கொஞ்ச நாள்தானே, அப்பறம் நமக்குப் பந்தல் கீது" என்று என் மனைவி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் கட்டுகிறார் என்றும் அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னாளாம். இரும்புத் தூண்கள் நின்றன. பேனல்கள் தெற்கே பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்தன. அதன் கீழே போய் நின்றேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்க, உள்ளே தரை குளிர்ந்திருந்தது. நான் போட்ட திட்டங்களிலேயே அழகானது அதுதான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

கடைசியாகக் காற்றாடி வந்தது. என் உயரத்துக்குக் கொஞ்சம் அதிகமான அகலம், வெள்ளை இறக்கைகள். மூலையில் ஒரு கம்பத்தில் ஏற்றினார்கள். பிறகு பாதுகாப்புச் சோதனைக்கு ஒருவர் வந்தார். பேனலைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காற்றாடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இங்க பொதுஜனம் வருவாங்களா?"

"படிக்கிறவங்க வருவாங்க சார்" என்று நான்தான் ஆவலாகச் சொன்னேன்.

"சுத்துற இறக்கை இருக்கிற இடத்துல பொதுஜனத்தை விட முடியாது. யாராவது ஒரு பொண்ணோட துப்பட்டா மாட்டினா யார் பதில் சொல்றது? மாடிப்படி முடியிற இடத்துல இரும்புக் கதவு போட்டு, பூட்டி, போர்டு வச்சாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. இருந்தாலும் விடவில்லை. கம்பத்தை இன்னும் உயர்த்தலாமா என்று கேட்டேன். பழைய தளம், அந்தப் பாரத்தைத் தாங்காது என்று எனக்கே தெரியும். காற்றாடியைச் சுற்றிக் கூண்டு போடலாமா என்று கேட்டேன். அவர் சொன்ன இடைவெளியை விட்டால் பாதி மாடிக்கு மேல் கூண்டுக்குள் போய்விடும், படி வந்து சேரும் இடமும் அதற்குள்தான். காற்றாடியையே எடுத்துவிடலாமா என்று பொறியாளரிடம் ஓடினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "காத்தாடியை எடுத்தா திட்டமே மாறிடும் சார். உங்க ஸ்டாண்டையும் அறுத்து எடுக்கணும். விடுங்க, பின்னாடி பார்த்துக்கலாம்" என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கைப் பிடித்தவன் முகத்தை அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்தேன்.

திருத்திய வரைபடத்தை நான்தான் போட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தேன். அவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"இது இன்னா கோடு?"

"கதவு."

"எங்க?"

"மாடிப்படி முடியற இடத்துல."

"பூட்டா?"

"ஆமா." சோதனைக்கு வந்தவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். பொறியாளர் சொன்னதையும் சொன்னேன். நான் போய்க் கெஞ்சியதையும் சொன்னேன். குரல் தானாக உயர்ந்து, கடைசியில் அவளிடம் சண்டை போடுகிறவன் மாதிரி ஆகிவிட்டேன். "டீ ஆறிடப் போவுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை. நன்றாகத் திட்டத் தெரிந்தவள்.

திறப்பு விழா அன்று பெரியவர்கள் வந்தார்கள், நாடா கட்டினார்கள். புகைப்படம் எடுக்கும் நேரத்தில் காற்றாடி சுற்றவில்லை. காற்றே இல்லை. பொருத்த வந்த ஆட்களில் ஒருவர் ஒரு நீளக் கழியால் இறக்கையைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார். அது இரண்டு சுற்றுச் சுற்றியது, அதற்குள் படம் எடுத்துவிட்டார்கள். எல்லோரும் இறங்கியதும் காவலாளி கதவைப் பூட்டினார். மண்டை ஓடு போட்ட பலகை ஒன்று தொங்கியது. கீழே பாயும் டப்பாவுமாகச் சிலர் காத்துக்கொண்டிருந்தார்கள். பந்தல் வரும் என்று சொன்னவள் அவர்களுக்கு நடுவில் நின்றிருந்தாள். அந்த முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

நூலகர் அம்மாவிடம் போய்ப் பேசினேன். முன்னே மாதிரி கண்டுகொள்ளாமல் விடக் கூடாதா என்றேன். "இத்தனை நாள் யாரும் எதுவும் எழுதி வைக்கலை சார், அதனால விட்டேன். இப்போ போர்டு மாட்டிட்டாங்க. மீறி விட்டா என் வேலை போயிடும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு மனு எழுதினேன், அலைந்தேன். பின்னாடி பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்ன பொறியாளர் மாறுதலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு ஓடுகிற திட்டத்தில் கைவைக்க மனமில்லை. என் முதலாளி, "உனக்கு வேற வேலை இல்லையா?" என்றார்.

என்னை அரிப்பது இன்னொன்று. நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் போதும். முழங்கால் உயரத்தில் பேனலை வைத்துவிட்டுப் பேசாமல் வந்திருந்தால், காற்றாடி வந்திருக்காது, கதவு வந்திருக்காது. அவர்கள் உட்கார்ந்த இடத்துக்கும் எந்த ஆபத்தும் இல்லை. எந்த முட்டாளும் தொட்டி நிழலில் பேனல் வைக்க மாட்டான். அந்த மாடியிலேயே எங்கள் தொழில் தொடாமல் விடுகிற இடம் அது ஒன்றுதான். அதில்தான் அவர்கள் பத்திரமாக இருந்தார்கள். எனக்குத்தான் அது போதவில்லை, இன்னும் நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அவள் வீட்டில் படித்துப் பார்த்தாள். வாசிப்பு அறையில் உதடு மட்டும் அசைத்துப் படித்துப் பார்த்தாள். ரயில் நிலையத்தில் சில நாள். கூட்டம் திரும்பச் சேரவில்லை. திருநின்றவூர்க்காரர்கள் அங்கேயே ஏரிக்கரைப் பக்கம் இடம் பார்த்துக்கொண்டார்கள், மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. தேர்வு வந்தது, எழுதினாள். முடிவும் வந்தது. கதவைப் பூட்டியதால்தான் தவறியது என்று சொல்ல என்னால் முடியாது. அதற்கு முன்னாலும் தவறியிருக்கிறாள். ஆனால் அந்த மாடி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இனி எங்கள் இருவருக்கும் தெரியப்போவதில்லை. அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். புத்தகங்களை தன் அப்பா வீட்டுத் தெருவில் தேர்வுக்குப் படிக்கிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, கரையான்சாவடியில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலையில் சேர்ந்தாள். நடுவில் நிறுத்தச் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாங்கிய வாக்கை நான் மீறவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அந்த நூலகம் இப்போது நன்றாக மின்சாரம் தருகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை நான் போய்ச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த முறை போன அன்று அவளுக்கு வார விடுமுறை. "நீயும் வாரியா?" என்று கேட்டேன். வர மாட்டாள் என்று நினைத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

காவலாளி பூட்டைத் திறந்துவிட்டார். மாடி சுத்தமாக இருந்தது, மிதிக்க ஆள் இல்லாததால். பேனல்களுக்குக் கீழே பெரிய நிழல் பாய் விரித்த மாதிரி கிடந்தது. அவள் உள்ளே போய்த் தலையை உயர்த்தித் தூண்களைப் பார்த்தாள், ஒரு தூணைக் கையால் தட்டியும் பார்த்தாள். "நல்லாதான் கட்டிகீற" என்றாள். மூலையில் காற்றாடி ஒரு காக்கையைத் தாங்கிக்கொண்டு சும்மா நின்றது.

நான் மீட்டரைத் திறந்து குறித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது பேனலுக்குக் கீழே அவள் இல்லை. தொட்டிப் பக்கம் போயிருந்தாள். நிழல் அப்போது பைப் மூலைக்கு வந்திருந்தது. அதில், சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். நான் கிட்டே போனதும், யோசிக்காமல், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். படிக்கட்டில் சாவிக்கொத்து குலுங்கியது.

"சாரே, ஆச்சா? பூட்டிக்கினு நான் சாப்பாட்டுக்குப் போவணும்."

"ஆச்சு அண்ணாத்தே, தோ வந்துட்டோம்" என்று அவளே பதில் சொன்னாள். எழுந்து புடைவையைத் தட்டிக்கொண்டாள்.

"திரும்பி எப்போ செக்கிங்கு?"

"அடுத்த வருஷம்."

"அப்போ வரும்போது ஒரு பாய் எட்தாந்துடறேன்."

"படிக்கவா?" என்று கேட்டுவிட்டேன். அந்த ஒரு கணம் எனக்கு ஆசையாக இருந்தது.

"சும்மா ஒக்கார" என்றாள்.